டிக்கெட் தீர்ந்தும் நிரம்பாத நாற்காலிகள்: சுங்கை சிப்புட்டில் நாடகம் பார்ப்பவர் யார், பார்க்காதவர் யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் நாடகத்துக்குப் பணம் திரட்டுவது அவ்வளவு கடினமான காரியமில்லை. மளிகைக் கடைக்காரர், லோரி வைத்திருப்பவர், அச்சகக்காரர், கோயில் தலைவர், சின்னச் சின்னக் கட்டுமானக் குத்தகை எடுப்பவர் என்று நாலைந்து பேரைப் போய்ப் பார்த்தால் ஆளுக்குப் பத்து இருபது டிக்கெட் வாங்கிக்கொள்வார்கள். முகம் சுளிக்க மாட்டார்கள். நம்ம பிள்ளைகள் போடுகிறார்கள், கொடுத்துவிட்டுப் போவோம் என்ற மனசு இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. நாடகத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்தால்தான் வயிறு கலங்கும். முன்னிரண்டு வரிசை பிரமுகர்களுக்கு ஒதுக்கியது. அடுத்த நாலு வரிசையில் நடிகர்களின் அம்மா, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள். அதற்குப் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும்.

இதைப் பார்த்துவிட்டு நம் சனங்களுக்கு ரசனை போய்விட்டது என்று பேசுகிறோம். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. இந்த ஊரில் நாடகத்துக்குக் காசு கொடுப்பவர் ஒருவராகவும் நாடகத்தைப் பார்க்கக்கூடியவர் வேறொருவராகவும் பிரிந்துபோனதுதான் நடந்தது. வாங்கியவருக்கு வர நேரமில்லை. வரக்கூடியவரிடம் யாரும் டிக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று தெரியவேண்டுமானால் தோட்டத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். மலாயாவில் ரப்பர் வேர்விட்ட வட்டாரம் இது. 1877-ல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் அங்கே நிற்கிறது. கமுனிங், எல்பில், ஹீவுட், டோவன்பி என்று ஊரைச் சுற்றிலும் தோட்டங்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1919-ல் பிறந்த ஊர். நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி ஏதோ ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள்.

அந்த லயத்து வாழ்க்கையில் நாடகம் என்றால் கோயில் திருவிழா. அரிச்சந்திரா, பவளக்கொடி, வள்ளி திருமணம், நல்லதங்காள். கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்த வசனம் என்ன என்பதுகூடத் தெரியும். ரப்பர் பால் வெட்டிவிட்டு, ஸ்டோரில் பாலை எடை போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, பொழுது சாய்ந்த பிறகு கூத்து வாத்தியார் முன்னால் போய் உட்காருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் வாத்தியார் வாயைப் பார்த்தே பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்வார்கள். அட்டையில் கிரீடம், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் நகை. பெண் வேடம் கட்டுவது ஆண்கள்தான். நல்ல ஸ்திரீபார்ட் கிடைத்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களில் பெயர் இருக்கும்.

இதில் நம் பேச்சுக்கு முக்கியமான இடம் பணம். கோயில் வரியைப் பல தோட்டங்களில் ஆபீசே செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பிடித்துக்கொள்ளும். ஆபீஸ் எழுத்தரான கிராணி சம்பளம் போடும்போதே கழித்துவிடுவார். திருவிழாச் செலவு, மேளம், கூத்து எல்லாம் அந்தப் பிடித்தத்திலிருந்துதான் நடக்கும். அதாவது லயத்தில் குடியிருந்த ஒவ்வொருவரும் மேடை போடுவதற்கு முன்பே காசு கொடுத்து முடித்திருந்தார்கள். கொடுத்தவர் வந்து பாயை விரித்து உட்கார்ந்தார். பார்க்காமல் இருந்தால்தான் நட்டம். காசு கொடுத்தவர், பார்த்தவர், நடித்தவர், நடித்தவரைத் திட்டியவர் எல்லாரும் ஒரே லயத்து ஆட்கள்.

நேரமும் அப்படித்தான். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கவேண்டிய ஆள் எப்படி விடிய விடியக் கூத்துப் பார்த்தார் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். திருவிழாவுக்கு மறுநாள் மரத்துக்குப் போகவேண்டியதில்லை என்பதுதான் பதில். நிர்வாகத்தோடு பேசி வாங்கிய விடுமுறை அது. கூத்து நடக்கும் இடம் கோயில் முன்திடல்; வீட்டு வாசலிலிருந்து நடந்தால் வந்துவிடும். பிள்ளை தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு அம்மா திரும்பி வரலாம். பாதியில் பசித்தால் வீட்டில் போய்ச் சோறு தின்றுவிட்டு வரலாம். ரசனை என்று நாம் இன்று பெயர் வைக்கிற பாதி விஷயம் அந்த நடைதூரத்தில்தான் இருந்தது.

பழசைத் தூக்கிவைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திடலிலும் சாதி இருந்தது. யார் வேடம் கட்டலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதில் ஊரிலிருந்து கப்பலேறி வந்த கட்டுப்பாடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தோட்டத்து மரங்களில் பாதியில் பால் வெட்டிய பெண்களுக்கு மேடையில் இடமில்லை. கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்தவரால் கலைந்த கூத்துகளும் உண்டு. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து போனதற்குப் பிறகு, சீர்திருத்த நாடகம் என்று ஒன்று தோட்டங்களுக்குள் நுழைந்ததற்கு இவையெல்லாம் காரணம். சாதி ஒழிப்பு, கள்ளு எதிர்ப்பு, விதவை மறுமணம் என்று இளைஞர்களே எழுதி, இளைஞர்களே நடித்தார்கள். 1952-ல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவெங்கும் பரவியபோது நாடகம் அதில் பெரிய அங்கம். கோயில் திடலுக்குப் பக்கத்தில் சங்கத்து மேடை என்று இரண்டாவது இடம் ஒன்று பிறந்தது.

நடுவில் விழுந்த வெட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம். 1948 ஜூன் 16-ம் தேதி தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டது சுங்கை சிப்புட்டில்தான். அதைத் தொட்டுத்தான் அவசரகாலமே பிரகடனமானது. 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் லயங்களை ஓரிடத்தில் குவித்தது என்று தோட்டத்து இரவே மாறிப்போனது. விடிய விடிய நடக்கிற கலைக்கு ஊரடங்கைவிடப் பெரிய எதிரி இருக்க முடியாது. கூத்து வாத்தியார்களின் அடுத்த தலைமுறை உருவாகியிருக்கவேண்டிய ஆண்டுகள் அவை. அதே காலத்தில் வானொலி தோட்டத்துக்குள் வந்தது. வானொலி நாடகத்தை லயமே கூடிக் கேட்டது. நாடக ஆசை அழியவில்லை. வேலிக்குள்ளேயே, வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள முடிந்தது. தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது, ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி 1996-ல். அவற்றின்மேல் பழி போடுவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சி வந்த பிறகும் தோட்டத்துத் திடலில் படம் காட்டினால் கூட்டம் நிரம்பத்தான் செய்தது. திடல் இருந்தவரை நிரம்பியது.

திடல் போனது தோட்டம் போனதால். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று பால்மரத் தொழிலாளியிடம் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். நம் மக்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பத்து வெள்ளியைத்தான் நினைத்துக்கொள்வேன். தனக்குச் சொந்தமான ஒன்றுக்கு அவர்கள் எப்போதும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல ஆயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அதே நிலத்துக்குப் பாதி ஆள்கூடத் தேவைப்படவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லயங்கள் காலியாயின. இன்று அந்தத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

லயத்து ஆட்கள் எங்கே போனார்கள்? சிலர் ஊருக்குள்ளேயே மலிவு வீட்டுத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு). சிலர் ஈப்போவுக்கு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும், நிறையப் பேர் ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்கும். ஒரே கோயிலுக்கு வரி கொடுத்த நாற்பது குடும்பம் பன்னிரண்டு தாமான்களில் சிதறிக் கிடக்கிறது. நாடகத்தை இனி நடந்துபோய்ப் பார்க்க முடியாது. ஒருவர் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருக்கும்; அதில் அப்பா இரவு ஷிப்டுக்குப் போயிருப்பார். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இரவு பதினொரு மணிக்கு மண்டபத்திலிருந்து எப்படி வீடு திரும்புவது? பேருந்து இருக்காது. இந்தக் கேள்விக்கு நாடகக் குழுக்கள் இதுவரை பதில் யோசித்ததில்லை. ரசனை பற்றிய கேள்வியைவிட இது முந்தியது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். டிக்கெட் 30 வெள்ளி என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு 120 வெள்ளி. கிட்டத்தட்ட இரண்டு நாள் கூலி. அதோடு பெட்ரோல், பிள்ளைகளுக்குக் கேக்கும் தண்ணியும். இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாத ஒன்றை வாங்கச் சொல்கிறோம். தமிழ்நாட்டு நட்சத்திரங்கள் வரும் கலைவிழாவுக்கு மட்டும் கோலாலம்பூர் வரைக்கும் போய் இதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்களே என்று குழுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். அங்கே என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பாட்டை, அந்த முகத்தை ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. அரிச்சந்திராவுக்குக் கூட்டம் வந்ததும் இதே காரணத்தால்தான்.

புது நாடகத்துக்கு அந்த நம்பிக்கையை உண்டாக்கக்கூடியது ஒன்றே ஒன்று: பார்த்தவர் வாய். நேத்து பார்த்தேன், சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு, நீயும் போய்ப் பாரு என்று பேக்டரி கேண்டீனில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லவேண்டும். நம் ஊர் நாடகங்கள் ஒரே ஓர் இரவுதான் நடக்கின்றன. மூன்று நாலு மாதம் ஒத்திகை, ஒரு இரவு மேடை. அவள் சொல்லத் தொடங்கும்போது மண்டபத்தில் செட்டைப் பிரித்து லோரியில் ஏற்றியாகிவிட்டது. மண்டப வாடகை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் ஒரு நாளுக்கு என்று பேசுவதால் இரண்டாம் நாள் செலவு கண்ணைக் கட்டுகிறது என்பது உண்மை. கோலாலம்பூரில் செந்தூலில் 2005-ல் திறந்த அரங்கக் கலை மையத்தைப் போன்ற இடங்களில் ஒரு நாடகம் அடுத்தடுத்து சில நாள் நடக்கும். முதல் இரவின் பேச்சு மூன்றாம் இரவுக்கு ஆள் கொண்டுவரும். எங்களுக்கு அந்த மூன்றாம் இரவு கிடையாது. நாடகம் நன்றாக இருந்ததா மோசமா என்பதே இந்த ஊரில் அதன் வருமானத்தைப் பாதிப்பதில்லை. டிக்கெட் முன்பே நன்கொடையாகப் போய்விட்டது. நல்ல நாடகம் போட்ட குழுவுக்கும் அரைகுறையாகப் போட்ட குழுவுக்கும் அதே முதலாளி அதே பத்து டிக்கெட் வாங்குகிறார். இதுதான் கலைக்கு நடந்த பெரிய கேடு என்று நினைக்கிறேன். பார்வையாளருக்குப் பயப்படவேண்டிய அவசியம் எழுதுபவருக்கும் இயக்குபவருக்கும் இல்லாமல் போய்விட்டது.

நன்கொடைக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. பணம் கொடுத்தவர் சிறப்பு விருந்தினர். அழைப்பிதழில் மாலை 7.00 மணி என்று இருக்கும். ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) இன்னொரு நிகழ்ச்சியில் இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார். எட்டாகும். அவர் வந்ததும் குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, டத்தோ பட்டம் பெற்றவரின் உரை. பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். மானியக் காசோலையின் பெரிய அட்டை மாதிரியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு படம். திரை விலகும்போது ஒன்பதரை. ஒய்.பி. முதல் காட்சியிலேயே எழுந்து போவார். கூடவே இரண்டு வரிசை எழும். மேடையில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்காரர்கள் பத்தரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது அரை நாடகம், முழுக் கூட்டம். அடுத்த முறை அழைப்பு வரும்போது அவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்தக் கூட்டம்தான்.

மண்டபத்தையும் சொல்லியாகவேண்டும். டேவான் எனப்படும் சிறு ஊர்ப் பொது மண்டபங்கள் கல்யாணத்துக்கும் பூப்பந்துக்கும் கட்டியவை. தரை சமதளம், ஏழாவது வரிசைக்காரருக்கு முன்னால் இருப்பவரின் கொண்டைதான் தெரியும். தலைக்குமேல் தகரக் கூரை. மழை பிடித்தால் வசனம் போயிற்று. மேடை முன்விளிம்பில் இரண்டு மூன்று மைக் கம்பங்கள். இது நடிப்பையே மாற்றிவிடுகிறது. மகன் இறந்த செய்தி கேட்ட தாய் மேடையின் ஆழத்தில் விழுந்து அழவேண்டும். ஆனால் அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. அவள் எழுந்து, முன்னால் வந்து, மைக்குக்கு எதிரே நின்று அழுகிறாள். பதில் சொல்லவேண்டிய கணவன் அதே மைக்குக்கு வருகிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மண்டபத்தைப் பார்த்து நின்று குடும்பச் சண்டை போடுகிறார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் நாயகியின் கண்ணில் நீர் திரள்வதை அருகில் பார்த்துப் பழகிய பெண்மணிக்கு இது எப்படி ஒட்டும்? நடிகையிடம் திறமை இருக்கிறது. அந்தக் கம்பம்தான் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது. சட்டையில் குத்தும் கம்பியில்லா மைக்குகளை ஈப்போவில் வாடகைக்கு எடுக்கலாம். அந்தச் செலவைப் பெரும்பாலும் சிறப்பு மலர் அச்சடிக்கும் செலவு தின்றுவிடுகிறது.

உரிமம், அனுமதி வேலை தனி. பொழுதுபோக்குக்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு, ஊராட்சி மன்றம் பார்க்கும், போலீசுக்கும் தெரிவிக்கவேண்டும், கதைச் சுருக்கத்தை மலாயில் கேட்பதும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் முடிந்துவிடும். புதிதாக ஆரம்பிக்கும் இளைஞர்கள்தான் இதில் களைத்துப்போகிறார்கள்.

அப்படியானால் வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்? பெரும்பாலும் கடமைக்காக. இந்த ஊர் உறவுகள் மொய்க் கணக்கில் ஓடுகின்றன. என் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தார், அவர் தம்பி காரியத்துக்கு நான் போனேன், அவர் மகன் நாடகத்துக்கும் போய்த் தலைகாட்டவேண்டும். சனி ஞாயிறுகளில் இப்படிப் போகவேண்டிய இடங்கள் ஒருவருக்கு இரண்டு மூன்று இருக்கும். நாடகம் அந்த வரிசையில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பின்னால் நிற்கும். வந்தவர்களும் தங்கள் பிள்ளையின் காட்சி முடிந்ததும் மெல்ல எழுந்துவிடுவார்கள். நான் இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இந்த ஊர் நாடகத்தை இவ்வளவு காலம் தாங்கியது இந்தக் கடமை உணர்வுதான். ஆனால் அது ஒரு மனிதரைச் சுற்றி நிற்பது. குழுவை நடத்திய பெரியவர் காலமானதும் அவருக்குப் பட்ட கடன்களும் முடிந்துவிடுகின்றன, பார்வையாளரும் கலைந்துவிடுகிறார்கள். நல்ல குழுக்கள் சில ஒரே வருடத்தில் காணாமல் போனதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இளைஞர்களைப் பற்றி ஒரு குறை அடிக்கடி கேட்கிறது. அவர்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள் என்று. பன்னிரண்டு வயதில் நடக்கிற ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் அவர்கள் மேடை ஏறியவர்கள். பரிசளிப்பு விழா, பொங்கல் விழா, ஆசிரியர் தினம், நாடகப் போட்டி என்று ஆறாம் ஆண்டுவரை ஏதாவது ஒரு வேடம் கட்டியிருப்பார்கள். அதன்பின் இடைநிலைப்பள்ளி மலாயில். தமிழ் ஒரு பாடம், அதுவும் நேர அட்டவணைக்கு வெளியே பல இடங்களில். அங்கே தமிழ் மேடை கிடையாது. பன்னிரண்டு வயதில் மேடையிலிருந்து இறங்கிய பிள்ளையை முப்பது வயதில் பார்வையாளராக வா என்று கூப்பிடுகிறோம். 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று ஏறத்தாழ 530 இருக்கின்றன. மூடப்பட்டவை பெரும்பாலும் தோட்டப் பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியோடும் ஒரு மேடையும் போனது.

கதையைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்லவேண்டும். குடி, குண்டர் கும்பல், பெற்றோரைக் கைவிட்ட மகன். இவையே திரும்பத் திரும்ப. இவை எங்கள் வாழ்க்கையில் இருக்கும் துயரங்கள்தான். ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவரை உட்காரவைத்து, நீ குடிக்காதே, நீ பிள்ளையைப் படிக்கவை என்று இரண்டு மணி நேரம் சொல்வது நாடகம் ஆகாது. மேடைத் தமிழும் அடுக்குமொழியிலேயே நிற்கிறது. சங்கத்து மேடைகளில் அந்த நடைக்கு மக்கள் எழுந்து கைதட்டியது அன்று அது புதிதாக இருந்ததால், அவர்களுக்கு அது கம்பீரம் கொடுத்ததால். இன்று மேடையில் ஒரு பாத்திரம், "டேய், மோட்டார் ரோட்டெக்ஸ் செத்துப்போச்சுடா, போலீஸ் சமன் வேற, எங்கிட்டு போறது" என்று, சாலை வரி முடிந்துபோனதையும் அபராத நோட்டீசையும் வாய்க்கு வந்தபடி பேசினால் மண்டபமே நிமிர்ந்து உட்காருகிறது. சிரிப்பு பின்வரிசையிலிருந்துதான் முதலில் கிளம்பும். தன் வீட்டுப் பேச்சை மேடையில் கேட்பது எங்களுக்கு இன்னும் அரிதாகவே கிடைக்கிறது, அதனால்தான் அந்தச் சிரிப்பு.

கூட்டம் நிற்பதை நான் பார்த்த இடம் கோயில் திருவிழா. ஆடி மாதத்திலோ பங்குனியிலோ, இசை நிகழ்ச்சிக்கு முன்னால், எட்டு மணிக்குச் சரியாகத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு சிறு நாடகம். சனங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், திரும்பிப் போக வழி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். பழைய திடலின் எல்லா வசதியும் அங்கே ஓர் இரவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. பக்தி நாடகம்தான் போடலாம் என்று சில நிர்வாகங்கள் சொல்லும்; பேசினால் இறங்கிவருவார்கள். ஒரே நாடகத்தை ஒரு பருவத்தில் நாலு கோயிலில் போட்டால் நாலு இரவு கிடைக்கிறது. நடிகர்கள் நாலாவது இரவில் எப்படித் தேறிவிடுகிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்தவர் ஓரிரவு நாடகத்துக்குத் திரும்பமாட்டார்.

மண்டப நாடகத்தை விடமுடியாது என்பவர்களுக்கும் வழியிருக்கிறது. இரவை விட்டுவிட்டு ஞாயிறு மாலை நாலு மணிக்கு வைக்கலாம். உரைகளை நாடகம் முடிந்த பிறகு வைக்கலாம். பேசவேண்டிய பிரமுகர் முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு அதைப் பற்றியே பேசட்டும். முதலாளி வாங்கும் பத்து டிக்கெட்டை அவர் மேசை இழுப்பறைக்குப் போகவிடாமல், அவர் பெயரிலேயே இன்ன தாமானில் இன்ன வீட்டுக்கு என்று எழுதி, குழுவே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவர் கொடுத்த காசு அவருக்கே பெருமையாகும். நாற்காலியும் நிரம்பும்.

போக்குவரத்துக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சும்மா நிற்கின்றன. சிறப்பு மலருக்குச் செலவழிக்கும் தொகையில் அப்படி மூன்று வேனை வாடகைக்கு எடுத்தால், மூன்று தாமான்களிலிருந்து தாய்மாரையும் பாட்டிமாரையும் பிள்ளைகளையும் மூன்றரைக்கு ஏற்றி ஆறரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம். அந்த வேன் அண்ணனிடம்தான் அவர்கள் தினமும் காலையில் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள், ஏறுவதற்கு யோசிக்கமாட்டார்கள். வரும் பொங்கலுக்கு நாடகம் போட நினைக்கும் குழு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் முதலில் போய்ப் பேசவேண்டியது அவரிடம்தான்.